கடைக்காரர் வேஷம்

பின்னாடி சத்தம் அதிகமா இருக்கோ? கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க சார். அத்தனையும் என்கூட வந்த பிள்ளைகதான். என் சொந்தப் பிள்ளைகன்னு நினைச்சிராதீங்க. எனக்கு ஒரே மக, அவளைக் கோயம்புத்தூர்ல கட்டிக்கொடுத்தாச்சு. இதுக எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்குதுக. 'நாணல் கலைக்குழு'ன்னு பேரு. தெருத்தெருவா நாடகம் போடுவாக. பீடி குடிக்காத, சிகரெட் குடிக்காத, புகையிலைப் பொட்டலத்தை வாயில அடக்காத, நல்ல சேக்காளியோட சேரு, இந்த மாதிரி. இன்னைக்கு பாளையங்கோட்டையில போட்டி. எங்கெங்க இருந்தோ குழு வருது.

நானா? நானும் அதுல நடிக்கேன். சிரிக்காதீங்க. இந்த வயசுல எதுக்குன்னுதானே பாக்கீங்க? அது ஒரு கதை. பாளையங்கோட்டை போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு, சொல்லுதேன்.

என் பேரு லிங்கதுரை. ஏரல் பக்கம் ஊரு. பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்ல பெட்டிக்கடை. பழம், பன்னு, சோடா, கடலைமிட்டாய், பேனா, சிகரெட்டு, எல்லாம் இருக்கும். இருந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பக்கம் சிகரெட் விக்கக் கூடாதுன்னு ஒரு போர்டு உண்டும்லா, அது எங்க இருக்குங்கீங்க? என் கடைச் சுவத்துலதான். அதிகாரிமாரு வந்து கேட்டாக, நான்தான் இடம் கொடுத்தேன். வேற யாரு கொடுப்பா? அந்த இடத்துல ஆணி வசதியா இருந்துச்சேன்னு வாழைத்தாரை அது மேல தொங்க விட்டிருந்தேன். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடப் பையனுக வந்து சிகரெட் கேட்டா என்ன செய்வீங்கன்னு கேப்பீங்க. கேட்டா கொடுப்பேன். ஆனா சும்மா கொடுக்க மாட்டேன் சார். அந்தப் பக்கம் பாப்பேன், இந்தப் பக்கம் பாப்பேன். 'தம்பி, கடைக்குப் பின்னால போய் நின்னு குடி, வாத்தியார் கண்ணுல பட்டா உன் படிப்பு போயிரும்'னு புத்தி சொல்லித்தான் கொடுப்பேன். இந்தக் காலத்துல எந்தக் கடைக்காரன் இவ்வளவு அக்கறையாச் சொல்லுதான்?

போன ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்த கையோட ஒரு பிள்ளை வந்து நிக்கு. கண்ணாடி போட்ட ஒல்லிப் பிள்ளை. அதா, ஜன்னலோரம் பேப்பரை வச்சு முணுமுணுன்னு படிச்சிக்கிட்டு இருக்காளே, அவதான். ஜெஸ்லின். நாடகம் எழுதுறது, சொல்லிக்கொடுக்கறது, திட்டுறது எல்லாம் அவதான். வாத்தியார் கிடையாது, தலைவர் கிடையாது.

"அண்ணாச்சி, உங்க கடைக்கு முன்னால நாடகம் போட்டுக்கிடட்டுமா?"

"ஊர்ல எவ்வளவு இடம் கிடக்கு. என் கடை எதுக்குட்டி?"

"இந்தக் கதைக்கு உங்க கடைதான் அண்ணாச்சி பொருத்தமா இருக்கும்."

எனக்கு சந்தோஷமாப் போச்சு. நாப்பது வருசமா கடை வச்சிருந்தவன்கூட இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டான். போட்டுக்கோ தாயின்னு சொல்லிட்டேன். தண்ணியும் கொடுத்தேன்.

கூட்டம்னா கூட்டம். இசக்கிராஜான்னு ஒரு ப்ளஸ் டூ பையன் தப்பு மேளம் அடிச்சுப் பாடுதான். பாட்டைக் கேட்டா நீங்க எழுந்து போக மாட்டீங்க. படிப்பு அவனுக்கு அவ்வளவா ஏறாது. கணக்கு வாத்தியார் கிளாஸ்ல அவனை நிக்க வச்சே பழகிட்டாரு. ஆனா தப்பை கையில எடுத்துட்டா ஆளே வேற. நாடகத்துல அவன்தான் கதாநாயகன். நல்லாப் பாடுற ஒரு பையன், ஒரு கடையில முதல் சிகரெட்டு வாங்குதான். பொறவு தினமும் வாங்குதான். கடைசியில ஆண்டு விழா மேடையில பாட நிக்கும்போது குரல் வரல. அவ்வளவுதான் கதை. நல்ல கதை.

அந்தக் கடைக்காரர் வேஷத்துல விமல்னு ஒரு பையன். வயித்துல தலையணையைக் கட்டிக்கிட்டு, தோள்ல சிவப்புத் துண்டு போட்டுக்கிட்டு வந்து நிக்கான். அந்தப் பக்கம் பாக்கான், இந்தப் பக்கம் பாக்கான். சிகரெட்டுக்குப் பதிலா ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டி, 'தம்பி, கடைக்குப் பின்னால போய் நின்னு குடி'ங்கான். சனம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கு. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்துச் சிரிக்காக. நானும் சிரிச்சேன். நான் சிரிச்சதும் அவங்களுக்கு இன்னும் சிரிப்பு கூடிப்போச்சு.

எனக்குச் சிரிப்பு வந்தது வேற எதுக்கு தெரியுமா? அந்தப் பையனுக்குக் கடைக்காரனா நிக்கத் தெரியல சார். கேக்க வந்தவனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கான். கடை வச்சிருக்கவன் முதுகைக் காட்டுவானா? நாடகம் முடிஞ்சதும் கூப்பிட்டுச் சொன்னேன். "எலே, கல்லாவுல ஒரு கையி, ஜாடியில ஒரு கையி, கண்ணு மட்டும் ரோட்டுல இருக்கணும். எங்க நடிச்சுக் காட்டு." அந்தப் பிள்ளைக வாயைப் பொத்திக்கிட்டு நின்னுச்சுக. மரியாதை.

ராத்திரி என் வீட்டுக்காரி செல்வக்கனி சோத்தைப் போட்டுக்கிட்டே கேட்டா, "அந்த வேஷம் யாருன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"விமல். நம்ம தையல்காரன் மகன்."

"அதுசரி. ரசம் ஊத்தட்டுமா?"ன்னுட்டா.

ரெண்டு மாசம் இப்படியே போச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா நாடகம். சிகரெட் வேண்டாம்னு நாடகம் போட்ட அன்னைக்குத்தான் என் கடையில சிகரெட்டு நல்லாப் போவும். கூட்டம் கூடுதுல்லா. இதை ஜெஸ்லின்கிட்டயே சொன்னேன், பாராட்டா இருக்கட்டுமேன்னு. அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுது.

பொறவு விமலுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துட்டு. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி ஆயிட்டு. மறுநாள் பக்கத்து ஊர் சர்ச்சுல அசன விருந்து, ஊருக்கே சாப்பாடு, அங்க நாடகம் போடுதோம்னு வாக்குக் கொடுத்திருக்காக. ஜெஸ்லினும் இசக்கிராஜாவும் ஓடி வந்தாக.

"அண்ணாச்சி, ஒரு நாளைக்கு மட்டும் கடைக்காரரா நீங்க நடிக்கணும்."

"எனக்கு வசனம் ஒண்ணும் தெரியாதே தாயி."

"உங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி"ன்னா. இசக்கிராஜா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பழகுனேன். செல்வக்கனி பாத்துக்கிட்டே இருந்துட்டு, "எதுக்கு இந்தப் பாடு? சும்மா போய் நில்லுங்க, போதும்"னா. அவளுக்கு நடிப்பைப் பத்தி என்ன தெரியும். ஆனா போய் நின்னேன் பாருங்க, வசனம் தானா வருது. அந்தப் பக்கம் பாத்தேன், இந்தப் பக்கம் பாத்தேன், சாக்பீஸைக் கொடுத்தேன். முன்னால இருந்த ஒரு அம்மா எழுந்து, "நாசமாப் போவ, நீ விளங்குவியா? பச்சப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கியே"ன்னு மண்ணை வாரி எறிஞ்சாக. என் மேல வந்து விழுந்துச்சு. எனக்கு மாலை விழுந்த மாதிரி இருந்துச்சு சார். ஒரு நடிகனுக்கு வேற என்ன வேணும்?

விமல் குணமாகி வந்தும் ஜெஸ்லின் அவனைப் போலீஸ்காரரா மாத்திட்டு வேஷத்தை எனக்கே கொடுத்துட்டா. ஒரே ஒரு வருத்தம்தான் எனக்கு. போற இடமெல்லாம் வசவு. நாலு இடத்துல கெட்டவனா நிக்கலாம், எல்லா இடத்துலயுமா? ஒரு நாள் ஜெஸ்லின்கிட்ட மெதுவாக் கேட்டேன்.

"ஏ தாயி, கடைசியில அந்தக் கடைக்காரன் திருந்திட்டதா ஒரு காட்சி வச்சா என்ன?"

"அப்படி ஒரு கடைக்காரரைக் காட்டுங்க அண்ணாச்சி, எழுதுதேன்."

நான் யோசிச்சுப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுக் கனகவேல் கடை, ரைஸ்மில் பக்கத்துக் கடை, எவனையும் காட்ட முடியல. எல்லாவனும் விக்கத்தான் செய்யுதான். அவ கேக்கறதும் நியாயம்தான்னு விட்டுட்டேன்.

இந்த இசக்கிராஜா இருக்கானே, நாடகம் முடிஞ்சதும் நேரா என் கடைக்குத்தான் வருவான். பாடுன தொண்டைல்லா, ஒரு சிகரெட்டு கேப்பான். ப்ளஸ் ஒன்ல இருந்தே பழக்கம். கொடுப்பேன். கடைக்குப் பின்னால போயிருவான். சொன்ன சொல் கேக்குற பையன்.

நவம்பர்ல ஒரு ஊர்ல நாடகம். கடைசிக் காட்சி. மேடையில குரல் வராம நிக்குற இடம். எப்பவும் ரெண்டு வரி பாடிட்டு, பொறவுதான் இருமுற மாதிரி நடிப்பான். அன்னைக்கு முதல் வரியிலயே இருமல் வந்துட்டு. குனிஞ்சு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருமுதான். நிக்கல. கண்ணுல தண்ணி. சனம் என்ன நடிப்புன்னு கை தட்டுது. விசில் அடிக்கு. நான் ஓரத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். அது நடிப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். ஜெஸ்லினுக்கும் தெரியும், அவ கை தட்டல. கை தட்டல் கூடக்கூட அந்தப் பையன் முகம் சுண்டிப் போச்சு.

திரும்பி வரும்போது எல்லார் முன்னாலயும் அவன்கிட்ட சொல்லிட்டா. "போட்டியில நீ பாடணும்னா அதை விட்டுட்டு வா. இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன். நாம ஊருக்குச் சொல்லுதோம் ராஜா. சிரிப்பாங்க." அவனுக்குன்னு இருக்கறது அந்தப் பாட்டு ஒண்ணுதானே சார்.

மறுநாள் காலையில கடை திறக்கும்போதே வந்து நின்னான்.

"அண்ணாச்சி, இனி நான் கேட்டா கொடுக்காதீங்க."

"அப்ப கேக்காத."

"கேக்காம இருக்க முடியாது அண்ணாச்சி. அதான் முன்கூட்டியே சொல்லுதேன்."

"நான் யாவாரி டே. கேட்டா கொடுக்குறதுதான் என் சோலி."

சோடாப் பெட்டியைப் பாத்துக்கிட்டே சொன்னான், "நீங்க நாடகத்துல கொடுங்க அண்ணாச்சி. கடையில கொடுக்காதீங்க."

சரி, சின்னப் பையன் கேக்கான், ஒரு வாரம் பாப்போம்னு ஒத்துக்கிட்டேன். சாயங்காலம் வந்து கை நீட்டுவான். நான் கடலைமிட்டாய் வைப்பேன். மறுநாள் நெல்லிக்காய். ஒரு நாள் சுக்கு மிட்டாயைக் கொடுத்ததுக்குத் தூன்னு துப்பிட்டுப் போனான். கெஞ்சுவான். "இன்னைக்கு மட்டும் அண்ணாச்சி"ம்பான். முகத்தைப் பாத்தா கஷ்டமாத்தான் இருக்கும். நான் ரோட்டைப் பாத்துக்கிடுவேன்.

அரைப் பரிட்சை மார்க் கொடுத்த அன்னைக்கு அவங்க அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்காரு. வாழை லோடு ஓட்டுறவரு, கோவக்காரரு. வாசல்ல வச்சே, பிள்ளைக பாத்துக்கிட்டு இருக்கும்போதே, கன்னத்துல அடிச்சுட்டாரு. "தப்பு அடிச்சா சோறு போடுமா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. நான் கடையில இருந்து பாத்தேன். அவன் நேரா என்கிட்ட வந்தான்.

"ஒண்ணு கொடுங்க."

கடலைமிட்டாய் ஜாடியில கையை வச்சேன்.

"அது வேண்டாம். நான் சொன்னதெல்லாம் விட்டுருங்க. ஒண்ணு கொடுங்க."

"இல்ல டே."

"ரெண்டு வருசமா கொடுத்தீங்கள்லா? இப்ப எங்கிட்டயே நாடகம் போடுதீங்களா?"ன்னு சோடாப் பெட்டியை ஒரு மிதி மிதிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கான். கனகவேல் கடைக்குத்தான் போறான்னு தெரியும். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல சார், கடையைப் போட்டது போட்டபடி போட்டுட்டு அவன் பின்னாலயே போறேன். கடையை அப்படி நான் விட்டதே கிடையாது. என் மக பிறந்த அன்னைக்குக்கூட பூட்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்னைக்கு மட்டும் ஏன் அப்படிப் போனேன்னா, போட்டிக்கு நாள் நெருங்கிட்டு. அவன் குரல் போச்சுன்னா நாடகம் போச்சு. நாடகம் போச்சுன்னா என் வேஷம் என்னாவறது? அதுக்குத்தான்.

மூச்சு வாங்க அங்க போய் நின்னா, கனகவேல் சிகரெட்டுப் பெட்டியைப் பிரிச்சுட்டான்.

"கனகவேலு, அவனுக்குக் கொடுக்காத."

அவன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். "என்ன லிங்கதுரை, உன் யாவாரம் இங்க வந்துட்டுன்னு சண்டைக்கு வந்துட்டியா?"

"சண்டை இல்ல. கொடுக்காதன்னு சொல்லுதேன்."

"ஏன், உன் கடையில பழகுன பையன்தானே?"

சுத்தி நாலு பேரு நிக்காக. நான் பதில் சொல்லல. சொல்லத் தெரியாம இல்ல. வெயில்ல வேகமா நடந்து வந்தேன்லா, தொண்டை காஞ்சு போயிட்டு. வாயைத் திறந்தேன், ஒண்ணும் வரல. அப்படியே நிக்கேன். எவ்வளவு நேரம் நின்னேனோ. அந்தப் பையன்தான் என் கையைப் பிடிச்சான். "வாங்க அண்ணாச்சி, போவோம்"னான். நீட்டுன சிகரெட்டு கனகவேல் கையிலயே இருக்கு.

கடைக்கு வந்து பாத்தா, யார் வீட்டு ஆடோ ரெண்டு வந்து முன்னங்காலைத் தூக்கி வச்சு வாழைத்தாருல கீழ்ச்சீப்பு அத்தனையும் தின்னுட்டுப் போயிருக்கு. தோலைக்கூட விடல. அவன் முதல்ல சிரிச்சான். அடி வாங்குன கன்னம் சிவந்து கிடக்கு, அதோட சிரிக்கான். எனக்கு ஆத்திரம்தான். ஆனா என்ன செய்ய, நானும் சிரிச்சிட்டேன். ஒரு பன்னை எடுத்துக் கொடுத்தேன். உக்காந்து தின்னான்.

அந்த வாரம் சிகரெட்டுப் போடுற ஏஜென்சிக்காரரு வண்டியில வந்தாரு. இப்போதைக்கு வேண்டாம்னு அனுப்பிட்டேன். வேற ஒண்ணும் நினைக்காதீங்க, மழைக்காலம்லா, நமுத்துப் போவுது. பொறவு வெயில் வந்துட்டு, அப்பவும் வேண்டாம்னேன். அந்த இடத்துல பிள்ளைகளோட தப்பு, துணிமணி, தலையணை எல்லாம் வச்சிருக்குல்லா. இடம் எங்க இருக்கு? செல்வக்கனி வந்து பாத்துட்டுப் போனா. அன்னைக்கு ராத்திரி ரசத்தோட அப்பளமும் பொரிச்சிருந்தா.

இனிதான் என் கஷ்டத்தைக் கேளுங்க. போன வாரம் பள்ளிக்கூடத்து மைதானத்துல கடைசி ஒத்திகை. ஊரே வந்திருக்கு. ஹெச்.எம். முன்வரிசையில இருக்காரு. இசக்கிராஜா பாடிக்கிட்டே வாறான். குரல் மணி மாதிரி இருக்கு. வந்து என் முன்னால நின்னு, "அண்ணாச்சி, ஒண்ணு கொடுங்க"ன்னு கை நீட்டுதான். நான் அந்தப் பக்கம் பாத்தேன், இந்தப் பக்கம் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். சாக்பீஸ் கையில இருக்கு. கை நீள மாட்டேங்குது.

"அண்ணாச்சி, கொடுங்க"ங்கான் மறுபடி.

"இல்ல டே"ங்கேன் நான்.

அவன் முழிக்கான். "தலையே வெடிச்சிரும் போல இருக்கு அண்ணாச்சி"ன்னு எழுதாத வசனமெல்லாம் பேசிக் கெஞ்சுதான். கொடுங்கன்னு கண்ணால சாடை காட்டுதான். நான் சாக்பீஸை மடியில கட்டிக்கிட்டேன். மைதானமே சிரிக்கு. ஹெச்.எம். கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, "நாடகம் இவ்வளவுதானா?"ன்னு கேக்காரு. வேற என்ன செய்ய, அப்படியே கும்பிட்டு முடிச்சோம்.

ஜெஸ்லின் என்னைத் திரைக்குப் பின்னால இழுத்துட்டுப் போயிட்டா. "அண்ணாச்சி, நீங்க கொடுத்தாத்தானே அவன் கெடுவான்? அவன் கெட்டாத்தானே கதை?"

"மறந்து போச்சு தாயி."

"வசனத்தையா?"

"ஆமா."

அந்தப் பிள்ளைக்குத் திட்டறதுக்கு வார்த்தை தேடவே வேண்டாம். அன்னைக்குத் திட்டல. கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு, மைதானத்துப் புழுதியா இருக்கும். நானே சொன்னேன், எனக்கு வயசாயிட்டு, மறதி வருது, வேஷத்தை விமல்கிட்டயே கொடுத்துருன்னு. இசக்கிராஜா அங்கனதான் நின்னான். "அண்ணாச்சி இல்லன்னா நான் பாடல"ன்னுட்டான். கதையை மாத்தவும் நேரம் இல்ல, போட்டிக்கு எழுதிக் கொடுத்தாச்சாம். அதனால நான்தான் இன்னைக்குக் கொடுத்தாகணும். வாக்குக் கொடுத்திருக்கேன். பாளையங்கோட்டையில ஆயிரம் பேரு பாக்கும்போது மறந்துரக் கூடாதுல்லா. வீட்டுல பழகிப் பாத்தேன். செல்வக்கனி கையில கொடுக்க முடியுது. நல்லாவே வருது.

என்ன டே? ஒத்திகையா? ஓடுற பஸ்லயா? சார், இவன்தான் இசக்கிராஜா. சரி, கேளு. சாக்பீஸைக் கொண்டா. நீ கேளு.

ம்.

எலே, பஸ் குலுங்குதுல்லா, இப்படி நின்னா விழுந்துருவ. போய் உக்காரு. இறங்குனதும் பாத்துக்கிடுவோம். சிரிக்காத, போ.

பாத்தீங்களா சார், பஸ்ல வச்சு இதெல்லாம் முடியாது. மேடையில கொடுத்துருவேன். செய்துங்கநல்லூர் தாண்டிட்டா? அப்ப வந்துட்டோம். உங்களுக்கு வேற சோலி இல்லன்னா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன். சாயங்காலம் எங்க நாடகம் மூணாவதா வருது. வேஷம் கட்டுனா ஆள் அடையாளம் தெரியாது, அதனால இப்பவே சொல்லிருதேன். நான்தான் அதுல கெட்டவன்.